பழையதும் பழமையும்

வடநாட்டிலிருந்து தென்கோடிக்குப் புகைவண்டியில் வரும் தமிழன்பர்கள், திருவனந்தபுரம் கடந்ததும் பெட்டி படுக்கைகளை ஒழுங்கு செய்யத் தொடங்கிவிடுவார்கள். அசாமின் திப்ருகரில் ஏறியவராயினும், தில்லியில் ஏறியவராயினும், அந்த இடத்தில் எல்லார்க்கும் மனநிலை ஒன்றே. வீடு நெருங்கிவிட்டது! நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி ஓடும். நெடுந்தூர வண்டிகளுட் பல இச்சிறு நிலையங்களில் நிற்பதில்லை. மஞ்சட் பலகையும் அதன்மேற் கறுப்பெழுத்துகளும் கண்ணிற் பட்டு மறையும். குழித்துறைப் பலகையில் தமிழெழுத்தைக் கண்டதும் ஒரு பெருமூச்சு. அவ்வளவில் பாறசாலை மறந்துபோகும்.

மறந்துபோகும் அந்தச் சிறு நிலையங்களைப் பற்றித்தான் இங்கே சில செய்திகள் சொல்ல விரும்புகிறோம்.

பாறசாலைக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், வெள்ளறடைப் பக்கமாக, காரக்கோணம் என்னும் ஊர் உள்ளது. ரப்பர்த் தோட்டங்களும் தென்னையும் வாழையும் மரவள்ளியும் நிறைந்த மேட்டுநிலம். இவ்வூரில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி சாமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டு சிகரத்தின்மீது ஏற முயன்ற குழுக்களில் இருந்தவர். பின்னர்த் தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றியவர். நெய்யூர் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர் பெயர் தாங்கிய கல்லூரி கேரளத்தில் இருக்கிறது. எல்லையூர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்காவும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற கோரிக்கை அந்நாளில் எழுந்தது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்தது. பெண்கொடுத்துப் பெண்ணெடுத்த குடும்பங்கள் இரண்டு இராஜ்யங்களின் குடிகளாயின. தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் ஊரைவிட்டுப் போய் வெளிமாநிலத் தமிழரானார்கள். காரக்கோணத்துத் தமிழரோ, திண்ணையைவிட்டு எழாமலே வெளிமாநிலத் தமிழரானார்கள்!

இப்பகுதிக்குப் புகைவண்டி வந்ததும் மிகத் தாமதமாகவே. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை சுமார் 87 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு 1972இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வண்டி ஓடத் தொடங்கியது. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான பாதை அதற்கும் பின்னர், 1981இல் திறக்கப்பட்டது. அதுவரை இவ்வட்டாரத்தார் புகைவண்டி ஏறவேண்டுமாயின் பேருந்தில் திருவனந்தபுரம் போகவேண்டும். அல்லது திருநெல்வேலி போகவேண்டும். முதல் வண்டி வந்த நாளைப் பற்றிக் காரக்கோணத்து முதியவர் ஒருவரிடம் கேட்டோம். "மக்களே, அண்ணைக்கு நாங்க வண்டி ஏறப் போகல்ல, வண்டி பாக்கத்தான் போனோம்" என்றார். ஏறுவதற்குக் காசு வேண்டும். பார்ப்பதற்கு வேண்டியதில்லை அல்லவா?

அன்று அவர் பார்த்த நிலையத்துக்கு 2025இல் வயது 46 ஆயிற்று. இப்பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலை சில ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. இரண்டாவது தண்டவாளம் வரும்போது புதிய நடைமேடை வரும், மேம்பாலம் வரும், சமிக்ஞைக் கருவிகளுக்குப் புதிய அறைகள் வரும். நிலையங்களின் முகம் மாறுவது தவிர்க்க முடியாதது. இதைக் குறை கூறுவது நம் எண்ணமன்று. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடந்த நேரத்தை எண்ணிப் பார்க்கும் பிரயாணி எவரும் இரட்டைப் பாதையை எதிர்க்க மாட்டார். ஆனால் முகம் மாறும்போது பழைய முகத்தை யாரேனும் ஒருவர் பார்த்து வைத்துக்கொள்கிறாரா என்பதே கேள்வி.

பழையது வேறு, பழமை வேறு. பழையது என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது காலையில் உண்ணும் தண்ணீர்ச் சோறு. நேற்று வடித்தது, இன்று மிஞ்சியது. பழமையோ கல்வெட்டு, கோயில், அரண்மனை என்பவற்றைச் சேர்ந்தது. நூறு ஆண்டு தாண்டிய கட்டடத்தை நாம் பழமை என்று போற்றுகிறோம். 1958ஆம் ஆண்டின் தொல்பொருட் சின்னச் சட்டமும் நூறு ஆண்டைத்தான் அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. நாற்பது, ஐம்பது, அறுபது வயதான கட்டடத்தை நாம் என்னவென்று சொல்கிறோம்? பழையது என்கிறோம். மிஞ்சிய சோற்றைப் போலவே அதை அப்புறப்படுத்தவும் செய்கிறோம். ஒரு கட்டடத்துக்கு ஆபத்தான வயது முதுமையன்று, இந்த நடுவயதே. நூறாவது வயதைக் காண்பதற்கு முன் அது இந்தக் கண்டத்தைத் தாண்டியாக வேண்டும்.

இதற்கு நம் எல்லையூரிலிருந்து சற்று வடக்கே சென்றால் தக்க சான்றுகள் கிடைக்கும். திருவிதாங்கூருக்குள் முதன்முதலில் இருப்புப்பாதை வந்தது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்துதான். செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு 1904ஆம் ஆண்டில் மீட்டர் பாதை போடப்பட்டது. அப்போது ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில் இருந்தார். கொல்லத்திலிருந்து அது 1918ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் திருவனந்தபுரத்துச் சாக்கை வரை நீண்டது. 1931 நவம்பரில் தம்பானூருக்கு வந்தது. கல்லாற் கட்டிய அந்தத் தம்பானூர் நிலையமே இன்றைய திருவனந்தபுரம் மத்திய நிலையம். சென்னை எழும்பூரில் ஏறிய பிரயாணி மதுரை, செங்கோட்டை, கொல்லம் என்று மலையைச் சுற்றித்தான் அந்நாளில் திருவனந்தபுரம் சேர முடிந்தது. அங்கிருந்து தெற்கே பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் சாலை வழியே.

மீட்டர் பாதை என்பது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர், அதாவது 1,000 மில்லிமீட்டர் அகலமுடையது. அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை முழம், அவ்வளவுதான். ஆனால் அந்த வேறுபாடு ஒரு நிலையத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதை விளக்குவது பயனுடையதாகும்.

மீட்டர் பாதை நிலையத்தின் நடைமேடை தாழ்வானது. வண்டி நின்றதும் படியிற் கால் வைத்து ஏறவேண்டும். நிலையத்தின் தாழ்வாரமும் தூண்களும் கதவுகளும் அந்தத் தாழ்ந்த மேடையின் மட்டத்துக்கு ஏற்றபடி கட்டப்பெற்றவை. அகலப் பாதைக்கு மேடையை உயர்த்தினால் பழைய தாழ்வாரம் குழியில் நிற்பதுபோல் ஆகிவிடும். மழைநீர் உள்ளே புகும். அகலப் பாதையின் பெட்டிகள் அகலமானவை; ஆதலால் மேடையின் ஓரத்தைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். வண்டிகள் நீளமானவை, ஆதலால் மேடையை இருபுறமும் நீட்டவேண்டும். மின்சாரக் கம்பி வரும்போது மேலே வெட்டவெளி வேண்டும். பழைய நடைபாலம் உயரம் போதாமல் நிற்கும். இவ்வளவும் செய்து முடித்த பின் பொறியியலார் பழைய கட்டடத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதைத் திருத்துவதைவிட இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிது, செலவும் குறைவு. அவர்கள் கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கில் பழமைக்கு ஒரு பத்தி இல்லை என்பதுதான் குறை.

கட்டடத்தோடு ஒரு தொழிலும் மறைந்துவிடுகிறது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாமல் இருப்பதற்கு அந்நாளில் கையாண்ட முறையை இளைஞர் பலர் அறியமாட்டார்கள். நிலைய அதிகாரியின் அறையில் செந்நிறம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதனுள் உலோகப் பந்துகள் உண்டு. அடுத்த நிலையத்தில் இருப்பவர் சம்மதம் தெரிவித்தாலன்றி அப்பெட்டியிலிருந்து ஒரு பந்தும் வெளியே வராது. ஒரு பந்து வெளிவந்துவிட்டால், அது அடுத்த நிலையத்துப் பெட்டிக்குள் விழும்வரை இரண்டு பெட்டிகளும் வேறு பந்து கொடாமல் பூட்டிக் கிடக்கும். அப்பந்தை ஒரு தோற்பையிலிட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டி, நிலையத்து ஊழியர் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பார். நில்லாமற் போகும் வண்டியின் ஓட்டுநர் கையை நீட்டி அவ்வளையத்தைக் கவர்ந்து செல்வார். அந்தப் பந்து கையில் இருந்தால்தான் பாதை அவருடையது. எத்தனை உயிர்கள் அந்தச் சிறு பந்தை நம்பிப் பிரயாணம் செய்தன! மாலையானால் விளக்கேற்றுபவர் எண்ணெய் விளக்கோடு கைகாட்டி மரத்தின் இரும்பு ஏணியில் ஏறுவார். அதைத் தாழ்த்தவும் உயர்த்தவும் நெம்புகோல்கள் வரிசையாய் நிற்கும் அறை ஒன்று உண்டு. நீராவி எஞ்சின் தண்ணீர் குடிக்கும் தூணும் உண்டு. இன்று வண்ண விளக்குகளும் மின்னணுப் பலகையும் அவ்வேலையை மேலும் பாதுகாப்பாகச் செய்கின்றன. நெம்புகோல் அறைகள் பூட்டப்பட்டன. பிறகு கூரை விழுந்தது. பிறகு செங்கல்லும் போயிற்று.

ஒரே அளவுப் பாதைத் திட்டம் 1992இல் தொடங்கியது. அதன் பயனாகத் தமிழகத்தின் பெரும்பகுதியில் மீட்டர் பாதை மறைந்தது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே 2010இல் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, எட்டு ஆண்டுகள் வேலை நடந்து, 2018இல் அகலப் பாதை திறக்கப்பட்டது. அந்த மலைப்பாதையில் கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண்களையுடைய கற்பாலம் ஒன்று சாலையோரத்தில் உயர்ந்து நிற்கிறது. அதை இடிக்காமல் வலுப்படுத்தி அதன்மீதே புதுப்பாதையைக் கொண்டுபோனார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அப்பாதையின் சிறு நிலையங்களுட் பல உருமாறிவிட்டன. பாலம் காண்பார் கண்ணைக் கவர்ந்தது, பிழைத்தது. சிறு நிலையம் யார் கண்ணையும் கவரவில்லை.

அதே புனலூரில் கல்லடையாற்றின்மேல் 1877இல் கட்டிமுடித்த தொங்குபாலம் ஒன்று உண்டு. வாகனப் போக்குவரத்துக்கு அது உதவாமற் போன பிறகும் கேரளத் தொல்பொருள் துறை அதைப் பாதுகாத்து வருகிறது. மாலையில் மக்கள் அதன்மீது உலாவக் காணலாம். சாலைக்கு உரிய பாலம் மாநில அரசின் கையில் இருந்தது. அத்துறை எளிதில் முன்வந்தது. இருப்புப்பாதையின் சொத்தோ மத்திய அரசினுடையது. அங்கே மாநிலத் தொல்பொருள் துறையின் சொல் எளிதில் ஏறுவதில்லை. உடைமை யாருடையது என்பதைப் பொறுத்துக் கட்டடத்தின் ஆயுளும் அமைகிறது.

சென்னை இராயபுரம் நிலையம் இதற்கு வேறொரு பாடம். 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்துவைத்தார். ஜூலை முதல் நாளில் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி வண்டி அங்கிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இன்று நம் நாட்டில் நின்றுகொண்டிருக்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே என்பர். மும்பையிலும் தானேயிலும் அதற்கு முன் கட்டிய நிலையங்கள் இன்று அவ்வுருவில் இல்லை. இராயபுரம் பிழைத்ததற்குக் காரணம் பேணுதலன்று; புறக்கணிப்பே! சென்ட்ரல் நிலையம் வளர்ந்தது. 1922இல் தலைமை அலுவலகமும் வேறிடம் போயிற்று. இராயபுரத்தை யாரும் பெரிதாக்க நினைக்கவில்லை. ஆதலால் யாரும் இடிக்கவும் நினைக்கவில்லை. பல்லாண்டு சிதைந்து கிடந்த பின், 2005இல் புதுப்பிக்கப்பட்டது. புறக்கணிப்பே காவலாக அமைவது எல்லாக் கட்டடங்களுக்கும் வாய்ப்பதில்லை.

இயற்கையும் போரும் செய்த அழிவுகள் வேறு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடி நிலையத்தையும் அதை நோக்கிச் சென்ற வண்டியையும் கடலுக்கு இரையாக்கியது. அங்கே மிஞ்சிய சுவர்களைக் காண இன்றும் கூட்டம் போகிறது. யாழ்ப்பாணத்துக்கு 1990இல் வண்டி நின்றது. தண்டவாளமும் கட்டைகளும் போரின்போது பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 அக்டோபரில் யாழ்தேவி மீண்டும் வந்தபோது நிலையத்தில் திரண்ட மக்கள் அழுததில் வியப்பென்ன? புயலும் போரும் கொண்டுபோனதற்காக மக்கள் அழுகிறார்கள். திட்டம் கொண்டுபோனதற்காக யாரும் அழுவதில்லை. திறப்பு விழாவில் கைதட்டுகிறோம். நாமும் தட்டியவர்கள்தாம்.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. இலண்டன் மாநகரின் யூஸ்டன் நிலையத்தின் முன் 1837இல் கிரேக்கக் கோயில் வாயில்போல் ஒரு பெருவாயில் எழுப்பினார்கள். 1961இல் அறிஞர் பலர் தடுத்தும் அதை இடிக்கத் தொடங்கினர். அதன் கற்களை ஓர் ஆற்றுக் கால்வாயின் பள்ளத்தை நிரப்பப் போட்டுவிட்டது 1994இல் தெரியவந்தது. நியூயார்க்கில் 1910இல் திறந்த பென்சில்வேனியா நிலையத்தை 1963இல் இடிக்கலாயினர். அப்போது அதன் வயது 53. 2025இல் பாறசாலை நிலையத்துக்கு இருந்த வயதைவிட ஏழாண்டே மிகுதி என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த இழப்பின் அதிர்ச்சியால் 1965இல் அந்நகரம் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சட்டம் செய்தது. அச்சட்டத்தின் வலிமையால் மற்றொரு பெருநிலையமான கிராண்டு சென்ட்ரல் 1978இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பினால் பிழைத்தது. ஒன்றை இழந்த பிறகே மற்றொன்றைக் காக்கும் அறிவு வந்தது.

பாறசாலை நிலையத்தை அவற்றோடு ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் நகைக்கலாம். பொருந்தாதுதான். அதிற் சிற்பம் இல்லை, குவிமாடம் இல்லை. எழுபதுகளில் நாடெங்கும் கட்டிய எளிய கட்டடங்களில் ஒன்று அது. ஆனால் ஒரு வட்டாரம் முதன்முதலாக வெளியுலகத்தோடு இணைந்த இடம் அது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களை அந்த மேடையில் நின்றுதான் தாய்மார் வழியனுப்பினார்கள். திருவனந்தபுரத்துக் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் நாள்தோறும் போய்வந்தவர்களின் நட்பெல்லாம் அங்கேதான் வளர்ந்தது. எல்லையூருக்கு இதைவிடப் பெரிய வரலாற்றுச் சின்னம் வேறு என்ன வேண்டும்?

இருப்புப்பாதைக்கு முன்னிருந்த வழிகளின் கதையும் இப்படியே. பூவார்ப் பக்கத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியே கடலோரமாகக் கன்னியாகுமரிவரை நீர்வழி அமைக்க 1860ஆம் ஆண்டளவில் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அனந்தபத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்டவர்மன் ஆகிய மூவர் பெயரையும் சேர்த்து அதற்கு அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று பெயர். திட்டம் முழுமை பெறவில்லை. வெட்டிய பகுதியும் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. அதன் ஒரு முனை இன்று கேரளத்தில்; மீதி தமிழ்நாட்டில்.

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பழைய இராஜபாட்டை களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே போகிறது. தென்திருவிதாங்கூரின் சாலைகளில் வழியம்பலங்களும் சுமைதாங்கிக் கற்களும் கிணறுகளும் இருந்தன. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் உதவுவது அது. வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது தமிழகமெங்கும் வழக்கம். சாலையை அகலப்படுத்தும் போதெல்லாம் முதலிற் போவது அந்தக் கல். தலைச்சுமையே இல்லாத காலத்தில் சுமைதாங்கி எதற்கு என்று கேட்டால், விடை சொல்வது கடினந்தான்.

ஆனால் அந்தச் சாலையில் இன்றும் மாறாத ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கிறார்கள். முதல் நாளிரவு குழித்துறையில் தங்கல். மறுநாளிரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். களியக்காவிளையில் ஒரு மாநிலத்தின் காவலர் மரியாதை செய்து வழியனுப்ப, மறு மாநிலத்தார் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். எல்லைக்கோடு விழுந்த பிறகும் தெய்வங்கள் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. மக்களும் சாலையோரத்தில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பதை விடவில்லை.

எல்லையைக் கடந்து ஒரு சின்னத்தைக் காக்க முடியும் என்பதற்கு அந்த ஊர்வலம் புறப்படும் அரண்மனையே சான்று. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். அதைப் பேணி வருவது கேரள அரசின் தொல்பொருள் துறை. 1956இலிருந்து இந்த ஏற்பாடு நடந்து வருகிறது. அரண்மனைக்குச் செய்ததைச் சிறு நிலையத்துக்கும் சுமைதாங்கிக்கும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் வரலாறு எழுதுவோர் மலையாளத்தில் எழுதி நெய்யாற்றின்கரையோடு நிறுத்திவிடுகிறார்கள். நாகர்கோவிலில் எழுதுவோர் தமிழில் எழுதிக் களியக்காவிளையோடு நிறுத்திவிடுகிறார்கள். இடைப்பட்ட சில கிலோமீட்டருக்கு எழுத்தாளர் இல்லை. காரக்கோணமும் பாறசாலையும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஒரு நிலையத்தை இடிக்கும் முன் அதன் அளவுகளோடு ஒரு வரைபடம் எழுதி, நான்கு புறமும் புகைப்படம் எடுத்து வைப்பதற்கு ஒரு நாள் போதும். பெயர்ப்பலகையையும், மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும், பந்துப் பெட்டியையும் பழைய இரும்பு விலைக்குப் போடாமல் அருகிலுள்ள பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுக்கலாம். சென்னைப் பெரம்பூரிலும் திருச்சிப் பொன்மலையிலும் புகைவண்டி அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்கே எஞ்சின்களைப் பார்க்கலாம். ஆனால் பாறசாலைப் பிள்ளைகள் பாறசாலையின் பொருளைப் பாறசாலையிலேயே பார்ப்பது வேறு அநுபவம்.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களிடமும் இதற்குரிய பொருள்கள் இருக்கக்கூடும். தடித்த அட்டையில் அச்சிட்ட, இரண்டேகால் அங்குல நீளமுள்ள பழைய பிரயாணச் சீட்டுகளை நினைவிருக்கிறதா? பரிசோதகர் துளையிட்டுத் தந்ததைப் புத்தகத்தினிடையே அடையாளத்துக்கு வைத்தவர்கள் பலர். கலியாணமாகி ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் நடைமேடையில் எடுத்த படம் ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். படத்தில் மணமக்கள் முன்னால் நிற்பார்கள். பின்னால் நிலையத்தின் ஓட்டுக் கூரையும், பலகையின் பாதி எழுத்தும் தெரியும். எடுத்தவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். வரலாறு எழுத வருகிறவனுக்கு அந்தப் பாதி எழுத்துத்தான் வேண்டும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவற்றைக் கொண்டுவாருங்கள். வரமுடியாதவர்கள் ஒரு பிரதியேனும் எடுத்து உறவினருக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் படத்தின் பின்புறத்தில் ஊரின் பெயரையும், ஆண்டையும், படத்தில் இருப்பவர்கள் யாரென்பதையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.